கட்டி பேசுது

"அப்படியேதான் இருக்கு. துளிகூட வளரல. அடுத்த வருஷம் வாங்க," என்றார் டாக்டர், போன வருஷத்து ஸ்கேன் படத்தையும் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு.

கணவன் பெருமூச்சு விட்டான். அவள் விடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன், அவர்களுடைய லாண்டரிக் கடையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். தலையில் அடி பட்டிருக்குமோ என்று படம் எடுத்தார்கள்.

அடி ஒன்றுமில்லை. மூளையின் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது.

சாதுவான கட்டி, வெட்ட வேண்டாம், வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் வாயைத் திறந்தால் கட்டிதான் பேசியது.

மாமியாரிடம் எதிர்த்துப் பேசினாளா? பாவம், கட்டி பேசுது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்றாளா? விடுங்க, கட்டி பேசுது.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவும் இல்லை.

இன்று காலை, கணவனின் அண்ணன் கடையை விற்பதாகப் பேசி முடித்துவிட்டு வந்து நின்றார். கடையில் பாதி அவள் பேரில்.

"கையெழுத்துப் போட மாட்டேன். இருபது வருஷமா இஸ்திரி ஆவியில வெந்தது நான். விலை பேச நீங்க யாரு?"

அண்ணன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. தம்பியிடம்தான் சொன்னார்: "இன்னைக்கு ஸ்கேனுக்குப் போறீங்கல்ல? அப்படியே ஒரு மாத்திரை கேட்டு வாங்கிட்டு வா."

இப்போது கணவன் தொண்டையைச் செருமினான். "டாக்டர், ஒரு மாத்திரை..."

அவள் முந்திக்கொண்டாள். "இந்தக் கட்டியால எனக்குக் கோபம் வருமா, டாக்டர்?"

"வராதும்மா. அது இருக்கிற இடம் வேற. அது பாட்டுக்குக் கிடக்கு."

"அப்போ காலையில வீட்டுல பேசினது?"

"நீங்கதான். வேற யாரு?"



டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, முதல் வருஷம் தனியா வந்தப்பவே இதைக் கேட்டீங்களே? இதையேதானே சொன்னேன்?"

"ஞாபகம் இருக்கு டாக்டர்," என்றாள் அவள். "இன்னைக்குக் கேட்டது இவர் காதுல விழறதுக்கு."