இரண்டு பிளாக்கில் ஒரு அமுதினி

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுக்குமாடிச் சங்கத்துக்கான செயலி. ‘வீடு’ என்று ஒரு கிளாஸ், எல்லா வீட்டுக்கும் பொதுவான வார்ப்பு. அதற்குள், அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு அரே, அதாவது பட்டியல். ஒவ்வொரு ஆளும் அதில் ஒரு ஆப்ஜெக்ட், ஒரு தனிப் பதிவு.

சோதித்துப் பார்க்க யார் பெயரையாவது போட வேண்டும். எல்லோரையும் போல அவளும் தன் வீட்டு ஆட்களையே போட்டிருந்தாள்.

ஏ பிளாக்கில் அவளும் மகள் அமுதினியும்.

சி பிளாக்கில் செழியனும் அமுதினியும்.

அவளும் செழியனும் பிரிந்து ஒரு வருடம். குழந்தைக்காக ஒரே குடியிருப்பில் தனித்தனி வீடு. சனி, ஞாயிறு அமுதினி அப்பாவிடம்.

இனி அதுவும் இல்லை. வக்கீல் அனுப்பிய மனு மேசையில் இருந்தது. குழந்தை தாயிடம் மட்டும். மாலைக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதுகூடத் தந்தைக்குத் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. வக்கீலிடம் அவள் சொன்னதுதான்.

பக்கத்து இருக்கையிலிருந்து ரஃபீக் எட்டிப் பார்த்தான்.

“அக்கா, இந்தப் பொண்ணு ஏ பிளாக்குல ரெண்டாவது படிக்குது. சி பிளாக்குல ஒண்ணாவதுலயே நிக்குது. அங்க மட்டும் பெயில் போட்டுட்டாங்களா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தவறு எங்கே என்று தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக ஒரு அமுதினியை உருவாக்கியிருந்தாள். ஒரே பெயர், ஒரே பிறந்தநாள். ஆனால் இரண்டு பேர். காலையில் ஏ பிளாக்கில் மட்டும் வகுப்பை மாற்றியிருந்தாள்.

சி பிளாக்குக்கு யாரும் சொல்லவில்லை.

“அந்தப் பொண்ண சி பிளாக்குலருந்து தூக்கிரட்டுங்களா? ஒரு ஆளு ஒரு வீட்டுல இருந்தாப் போதும். நமக்கும் வேலை மிச்சம்.”

வேலை மிச்சம்தான்.

“வேணாம் ரஃபீக். நானே பாத்துக்கறேன்.”

இரண்டு அமுதினிகளையும் அழித்தாள். ஒரே ஒருத்தியை உருவாக்கினாள். அந்த ஒருத்தியையே இரண்டு வீட்டு அரேயிலும் சேர்த்தாள்.

ஏ பிளாக்கில் வகுப்பை மாற்றினாள். சி பிளாக்கிலும் இரண்டாம் வகுப்பு.

சி பிளாக்கில் உயரத்தை மாற்றினாள்.

ஏ பிளாக்கிலும் அமுதினி வளர்ந்திருந்தாள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

செழியன் உடனே எடுத்தான். குரலில் பதற்றம்.

“என்னாச்சு? பாப்பாவுக்கு ஏதாவதா?”

மாதக்கணக்காக இருவருக்கும் குறுஞ்செய்திதான். கூட்டிப் போக வரலாம். கேட்டில் நிற்கிறேன். அவ்வளவே.

“ஒண்ணுமில்ல. காலைல பல் விழுந்துருச்சு அவளுக்கு. முதல் பல்.”





“எந்தப் பல்?” என்றான். “மேலயா, கீழயா?”