இரண்டாவது முட்டை

மேசை மேல் உப்பு சிந்திக் கிடந்தது.

பக்கத்தில் டம்ளர் வைத்து எடுத்த ஈர வட்டம். இன்னும் காயவில்லை.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அதையே பார்த்தாள்.

முன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை, பக்கத்தில் தாளாளர். பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு. அதை வைத்துத்தான் முடிவு. அறிவியல் ஆசிரியை வேலை, ஒரே ஓர் இடம். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பள்ளிகளில் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் அறையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணி வாயைத் திறக்காமலே பேசக்கூடியவள்.

பையிலிருந்து டம்ளரை எடுத்து வைத்தாள்.

"உப்புப் போட்டா முட்டை மெதக்கும் மிஸ்!"

வகுப்பே கத்தியது. அவள் முட்டையை இன்னும் வெளியே எடுக்கவே இல்லை.

"இப்பத்தான் அந்த மிஸ் செஞ்சு காட்டுனாங்க," என்றாள் முன்வரிசைச் சிறுமி. உதவி செய்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

அந்த மிஸ்.

திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். அரைகுறையாக அழித்திருந்தது. மூழ்கும் 31, மிதக்கும் 9. அறைத்தோழி கோகிலாவின் உருண்டை எழுத்து.

பிள்ளைகளை முதலில் கை தூக்க வைத்து ஓட்டெடுக்க வேண்டும், தண்ணீரைத் தொடுவது அதற்கப்புறம்தான் என்பது இவளுடைய யோசனை. உள்ளே நுழைந்த இரண்டு நிமிடத்திலேயே எல்லோருக்கும் பிடித்துப்போய்விட வேண்டும் என்று கோகிலாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான்.

மூன்று நாளாக ஒத்திகைக்குக் கோகிலாதான் இவளுக்கு வகுப்பு. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ஏன் மிஸ் மெதக்குது என்று கேட்டுச் சிரிக்க வைத்தாள். பி.எட். சேர்ந்த நாளிலிருந்து ஒரே அறை. நான்கு வருடம்.

கோகிலா இலையைப் பற்றி எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். சார்ட் கூட வரைந்தாள். உட்கார்ந்து பச்சை அடித்துக் கொடுத்தது யார்? இவளேதான்.

காலையில் கடையில் இரண்டு முட்டை வாங்கச் சொன்னது கோகிலா. உன்னுடையது உடைந்துவிட்டால் என்ன செய்வாய், ஒன்று என் பையில் இருக்கட்டும் என்றாள். நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்? ஆனாலும் அந்த அக்கறையில் இவளுக்கு மனம் குளிர்ந்துபோனது.

பள்ளிக்கு வந்ததும் கோகிலா வரிசை டோக்கனை மாற்றிக் கேட்டாள். பயமாக இருக்கிறதாம், முன்னால் போய்விட்டால் தேவலையாம். இவள் கொடுத்தாள். போதாததற்கு முதுகில் தட்டி வேறு அனுப்பினாள்.

அவளை விடத் தன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது.

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியை குனிந்து எதையோ குறித்தார். இரண்டாவதாக வந்தவள்தான் காப்பியடித்தவள். வேறென்ன நினைப்பார்கள்?

டம்ளரை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

முட்டையை மட்டும் எடுத்தாள்.

"சரி, மெதக்கும். இது அவிச்சதா, பச்சையா?"

சத்தம் அடங்கியது.

"ஒடைச்சுப் பாத்தாத் தெரியும் மிஸ்."

"ஒடைக்காமச் சொல்லணும்."

உள்ளங்கையால் உப்பைத் தள்ளி மேசையைத் துடைத்தாள். முட்டையைப் படுக்க வைத்துச் சுழற்றினாள். அது தள்ளாடித் தள்ளாடிச் சுற்றியது. விரலால் தொட்டு நிறுத்தினாள். நின்றது.

விரலை எடுத்தாள்.

நின்ற முட்டை தானாக மறுபடி சுற்றத் தொடங்கியது.

பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் பெஞ்ச் மேலேயே ஏறிவிட்டார்கள். தாளாளரும் எட்டிப் பார்த்தார்.

"பச்சை முட்டை. நான் ஓட்டைத்தான் நிறுத்துனேன். உள்ள இருக்கறது இன்னும் நிக்கல."

தலைமையாசிரியை தலையைத் தூக்கினார்.

அவள் திரும்பி, அந்த உருண்டை எழுத்தின் மேலேயே பெரிதாக எழுதினாள். நிலைமம்.

நேரம் முடிந்தது. தலைமையாசிரியை வாசல் வரை கூடவே வந்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. உனக்கு முன்னாடி வந்த பொண்ணு உன் ஃப்ரெண்டா? ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருந்தீங்களே."

முட்டை யாருடைய யோசனை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பிவிடுவார் என்றுதான் பட்டது. நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லைங்க மேடம். ஒரே பஸ்ல வந்தோம்."

வெளியே பெஞ்சில் கோகிலா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். பக்கத்தில் தட்டி, உட்காரச் சொன்னாள்.

"முட்டை ஒடையலயேடி?"

"இல்லைங்க," என்றாள்.

தட்டிக்கொண்டிருந்த கை பெஞ்ச் மேலேயே நின்றுவிட்டது.