தோள்பட்டையில் நின்ற கர்சர்

தோள்பட்டைக்கு வந்ததும் கர்சர் நின்றுவிட்டது.

மூன்றாவது தடவை.

மவுஸைத் தூக்கி மேசையில் தட்டினான். அசையவில்லை. பிறகு என்ன நினைத்ததோ, ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து திரையின் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. படத்தை வெட்டக் காதிலிருந்து புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு வந்த கோடு கண்டபடி இழுத்துக்கொண்டு போயிற்று.

சனியனே என்று வாய்வரை வந்ததை விழுங்கினான். எதிரே அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

மணி இரண்டரை. நாலு மணிக்கு எடுக்கிறார்கள்.

இறுதி ஊர்வலம் பஸ் ஸ்டாண்ட் முக்கில் திரும்புவதற்குள் பிளெக்ஸ் அங்கே கட்டியாக வேண்டும். கட்டுகிற ஆள் ஏணியோடு கடை வாசலுக்கே வந்துவிட்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

மாவு மில் மொக்கராசுவுக்குக் கண்ணீர் அஞ்சலி. காலையிலேயே அவர் மகன்கள் வந்து ஒன்று அடித்துக்கொண்டு போனார்கள். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்தி என்று பதினேழு பெயர். மனைவி என்ற இடத்தில் பேச்சியம்மாள் என்று அவன்தான் அடித்தான்.

இந்த அம்மாள் பேச்சியம்மாள் இல்லை.

இவள் கொண்டுவந்த படத்தில் இரண்டே பேர். பின்னால் அருவி. மூலையில் தேதி இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முந்திய படம். மொக்கராசு கட்டம் போட்ட சட்டையில், ஈரத் தலையோடு சிரிக்கிறார். அந்த மனுஷன் சிரித்து ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. மகன்கள் கொடுத்த படத்தில்கூட யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரிதான் இருந்தார். இதில் வாயெல்லாம் பல். பக்கத்தில் இவள், அவர் தோளில் கை போட்டுக்கொண்டு.

“என்னைய எடுத்துருங்க தம்பி. அவரு மட்டும் போதும்.”

வந்ததும் சொன்னது அவ்வளவுதான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அந்த வீட்டு வாசலை இவள் மிதித்தால் நடுவீட்டில் கிடத்தியிருக்கிறவருக்கு முன்னாலேயே ரகளையாகும். முகம் பார்க்க வழி இல்லை. ஒரு முழம் பூப் போட வழி இல்லை. அவர் போகிற பாதையில் ஒரு பிளெக்ஸ் கட்டத்தான் வழி இருந்தது.

பாவமாக இருந்தது அவனுக்கு. பாவம் பார்த்தால் மவுஸ் ஓடிவிடுமா?

அடிப்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். வெளிச்சம் வருகிற ஓட்டையில் வாயை வைத்து ஊதினான். மேசைக் கண்ணாடியின் மேல் வெள்ளைத்தாளை விரித்து ஓட்டிப் பார்த்தான். கணினியின் முன்னால் சொருகியிருந்ததைப் பிடுங்கிப் பின்னால் சொருகினான். எல்லாவற்றையும் மூடி, அணைத்துப் போட்டான். அது எழுந்து வருவதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேறு. புது மவுஸ் வாங்க ஒரு கடை கிடையாது.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சீக்கிரம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் தற்செயலாகத்தான் பிடிபட்டது. வயர் மவுஸுக்குள் நுழைகிற இடத்தில் கொஞ்சம் இடதுபக்கமாக மடக்கிப் பிடித்தால் ஓடுகிறது. விட்டால் நின்றுவிடுகிறது. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

அட, இவ்வளவுதானா!

ஆனால் அவனுக்கு வலது கை மவுஸுக்கு வேண்டும். இடது கை கீபோர்டுக்கு வேண்டும். கடையில் வேறு ஆள் இல்லை.

“இத இப்பிடியே மடக்கிப் பிடிச்சுக்கிறீங்களாம்மா?”

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலால் வயரைப் பிடித்தாள்.

கர்சர் ஓடியது.

காது. கன்னம். கழுத்து.

அவளை வெட்டி எடுக்க அவளே பிடித்துக்கொடுத்தாள்.

சட்டைக் காலரில் நின்றது. பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. விரல் நடுங்கினால் கம்பி விலகிவிடுகிறது. அவன் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தான். வாசலில் ஏணிக்காரர் இருமினார்.

மெல்ல ஓடத் தொடங்கியது.

தோள்பட்டை வந்தது.

இங்கேதான் சிக்கல். அவள் முழுக்கப் போனாலும் அவள் கை மட்டும் அவர் தோளில் கிடக்கும். கையை வெட்டினால் சட்டையில் ஓட்டை விழும்.

“சட்டைக் கட்டத்தையே கொஞ்சம் எடுத்து மேல ஒட்டி மறைச்சிரலாம்மா. தெரியவே தெரியாது.”

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“விரல் இருந்துட்டுப் போகட்டும் தம்பி. வளையலு தெரியாம வெட்டிருங்க.”

மணிக்கட்டுக்கு முன்னாலேயே வெட்டினான்.

தோளில் நாலு விரல் மிஞ்சியது. காய்ப்புக் காய்த்த விரல்கள். ஆணா பெண்ணா என்று உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது.

அவளை அழித்தான். அருவியை அழித்தான். வெள்ளையில் மொக்கராசு மட்டும் சிரித்தார்.

“போதும்மா. வயர விட்டுருங்க.”

அவள் விடவில்லை.

கீழே பெயர் போட வேண்டும். யார் பெயர் என்று கேட்க அவனுக்கு மனசு வரவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு வார்த்தை இருக்கிறது. ஊரில் பாதி அஞ்சலியில் அதுதான். நல்லவேளை என்று அதையே அடித்தான்.

இப்படிக்கு, நண்பர்கள்.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். உதடு அசைந்தது. திரும்பவும் ஒரு தரம் படித்தாள்.

“‘கள்’ வேணாம் தம்பி.”

அவன் இரண்டு எழுத்தையும் அழித்தான்.