எந்தத் தெரு?

"சிங்கிள் ரூம் எல்லாம் ஃபுல்லும்மா. யாராச்சும் வேண்டாம்னு விட்டா சாயங்காலம் தரேன். அதுவரைக்கும் ஷேரிங்ல இரு" என்றார் வார்டன் அல்போன்சா.

ரஞ்சனி பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்துக்குள் இருந்தது அந்த லேடீஸ் ஹாஸ்டல். நாளைக்குக் கல்லூரியில் முதல் நாள்.

படியிலேயே நின்று போனை வாய்க்கருகில் கொண்டுபோனாள். அண்ணன் ஜெய்சங்கருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வேலை நேரத்தில் பேச விடமாட்டார்கள். அதனால் இவள் பேசுவாள், போன் எழுதிக்கொள்ளும், டீ டைமில் அவன் படிப்பான்.

"அண்ணே, சிங்கிள் கெடைக்கல. கூட ஒரு பொண்ணு வரப் போகுது. பழைய ஹாஸ்டல் மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

டீ டைம்தான் போலிருக்கிறது. பதில் உடனே வந்தது. 'யாராச்சும் கேட்டா பஸ் ஸ்டாப் பக்கம்னு சொல்லிடு. பஸ் ஸ்டாப்பும் நம்ம ஊர்லதான இருக்கு.'

பிளஸ் ஒன் சேர்ந்தபோது அவள் அப்படித்தான் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா, ஊர் பேரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார். தெருவைச் சொன்னால் போதும், மீதியைக் கேட்கிறவர்களே தெரிந்துகொள்வார்கள். ரஞ்சனி பஸ் ஸ்டாப் தெரு என்றாள். அந்த அம்மா யாரிடமோ விசாரித்துவிட்டார். மறுநாள் பக்கத்துக் கட்டில் காலி. அவள் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'பொய்க்காரி' என்ற பெயர் மட்டும் பிளஸ் டூ முடிகிறவரை போகவில்லை.

அதனால்தான் சிங்கிள் சிங்கிள் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தனி ரூமில் படுத்தால் சுவரா வந்து கேட்கப்போகிறது?

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு அம்மாளும் அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண்ணும் ரூமுக்குள் வந்தார்கள். அம்மா பேர் விஜயராணி, ஊர் பண்ருட்டிப் பக்கம், மகள் பவித்ரா, ரஞ்சனி சேர்ந்திருக்கும் அதே கல்லூரியில் பி.காம். எல்லாவற்றையும் உட்காருவதற்குள் அவரே சொல்லிவிட்டார். பவித்ரா ஒரு வார்த்தை பேசவில்லை. கொண்டுவந்த பெட்டியையும் இரண்டு பேரும் திறக்கவில்லை. கூட இருக்கப்போகிறவள் யாரென்று தெரிந்த பிறகுதான் திறப்பார்கள் என்று ரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

விஜயராணி ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே பலாச்சுளை.

"எடுத்துக்கம்மா. எங்க ஊருக்காரங்க வேற எதக் கொண்டு வருவோம்? நீ எந்த ஊரு?"

"அரியலூர் பக்கங்க."

"அப்பா என்ன பண்றாங்க?"

"அப்பா இல்லைங்க. அம்மா கூலி வேலைக்குப் போறாங்க. அண்ணன் திருப்பூர்ல இருக்கு."

விஜயராணி மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

"ஊர்ல எந்தத் தெரு?"

வந்துவிட்டது. ஒரு சுளை தின்று முடிப்பதற்குள் வந்துவிட்டது.

பஸ் ஸ்டாப் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் இன்னும் மூன்று வருஷம் படிக்க வேண்டும். மூன்று வருஷமும் ஒரு பஸ் ஸ்டாப்பைத் தலையில் சுமந்துகொண்டு திரிய முடியுமா? ரஞ்சனி நிமிர்ந்து அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள்.

"காலனிங்க. ஊருக்கு வெளிய, ஏரிக்கரை ஓரமா இருக்கு."

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த பவித்ரா முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். விஜயராணி டப்பாவைக் கட்டில் மேல் வைத்தார், எழுந்தார்.

"பவி, கீழ வா" என்று மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த முறை ரஞ்சனியைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் காலையில் எழுந்து மறுபடி ஒரு காலிக் கட்டிலைப் பார்க்க அவளால் முடியாது. அவர்கள் போவதற்குள் நாமே போய்விடலாம் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் அம்மாவும் மகளும் தலையோடு தலை ஒட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக வார்டன் அறைக்குள் போய், எப்படியாவது ஒரு சிங்கிள் வேண்டும், வராந்தாவின் கோடியில் இருந்தாலும் பரவாயில்லை என்று கெஞ்சினாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். இப்பதான் ஒண்ணு காலியாச்சு" என்று அல்போன்சா சாவியை எடுத்து நீட்டினார்.

ரஞ்சனி கையை நீட்டினாள். பாதியில் சந்தேகம் வந்து நிறுத்தினாள்.

"எல்லாம் ஃபுல்லுன்னீங்களே மேடம். யாரு விட்டாங்க?"

அல்போன்சா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"பவித்ராவோட அம்மாதான். ரூம் கழுவி முடிக்கிற வரைக்கும் அவங்கள உன் ரூம்ல உக்காரச் சொல்லியிருந்தேன். எந்தத் தெருன்னு யாரும் எம்பொண்ணக் கேட்டுடக் கூடாதுன்னு போன மாசமே சிங்கிளப் பிடிச்சு வச்சிருந்தாங்க. இப்ப வந்து, 'வேண்டாங்க மேடம், மேல இருக்கிற பொண்ணு மொகத்தப் பாத்து நேராச் சொல்லுச்சு, எம்பொண்ணும் அது கூடவே இருந்து அப்படிச் சொல்லப் பழகட்டும்'ங்கறாங்க."