ஐந்து பேரில் ஒருவர்

"யார் விசில் ஊதினது? ஒரே ஒரு பேரச் சொல்லுங்க, நான் கிளம்பிடறேன்."

மெர்வின் ஸ்டாங் உடைமாற்றும் அறையின் கதவை அடைத்தாற்போல் நின்றுகொண்டு கேட்டார். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் பள்ளி ஆட்டங்களில் நடுவர்களுக்கு மதிப்பெண் போட மாநிலச் சங்கம் அனுப்பும் ஆள் அவர். இன்றைய காலிறுதியைக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்திருந்தார். இறுதிப் போட்டியை எந்த நடுவர் குழு நடத்தும் என்பது அவர் கையில் இருந்தது.

டுவெய்ன் கோப்ரிவா ஷூ கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார். ஐந்து நடுவர்களில் தலைவர் அவர்தான், வெள்ளைத் தொப்பி அவருடையது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இறுதிப் போட்டி கிடைத்ததில்லை. வரும் ஜனவரியில் முழங்கால் அறுவை சிகிச்சை. இந்த வருஷம் விட்டால் டி.வி.யில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எங்கள்ல யாரும் ஊதல சார். மைதானத்துலயே ஒவ்வொருத்தரையா கேட்டுட்டேன்."

"அப்ப சத்தம் எங்கேருந்து வந்துச்சு, சோளக்காட்டுலேருந்தா?"

"கூட்டத்துல யாரோ ஊதியிருக்காங்க."

"தப்பு பண்ற எல்லா நடுவரும் இதத்தான் சொல்றாங்க, டுவெய்ன்."

நடந்தது இதுதான். கடைசி நிமிடத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான். எதிரணியில் ஒருவன் அவன் காலை வாரினான். முட்டி தரையில் பட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்; அது படாமல் ஓடியவன் தடுமாறிச் சமாளித்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு விசில். ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து வெளியூர்ப் பையன்கள் அப்படியே நின்றார்கள். ஓடியவன் நிற்காமல் போய், கடைசிக் கோட்டைத் தாண்டி, வெற்றிக்கான டச் டவுன் எடுத்துவிட்டான்.

நடுவர் ஐவரில் யாராவது தவறிப்போய் ஊதியிருந்தாலும் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது, டச் டவுன் செல்லாது. வெளியாள் ஊதியிருந்தால் அது காக்கை கத்தினதற்குச் சமம். டுவெய்ன் தன் ஆட்களை நம்பி, செல்லும் என்று கையைத் தூக்கிவிட்டார். வெளியூர்ப் பையன்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அப்போதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்ற நால்வரில் ஒருவர் பொய் சொல்லியிருந்தால்?

உள்ளூர் அம்மாக்கள் கொண்டுவந்து வைத்த சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பும் பட்டைத்தூள் பன்னும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை.

"கிளிஃப், உன்னத்தான் கேக்கறேன்," என்று ஸ்டாங் அடுத்த ஆளைப் பிடித்தார். "நீ எப்பவும் விசில வாயிலயே வச்சிருப்பியே."

"இருக்கும். அதுக்காக மூச்சு விட்டாலும் விசில் அடிக்குமா?" என்றான் கிளிஃப். "சத்தம் மேலேருந்து வந்துச்சு சார், கூட்டம் உக்காந்திருந்த படிக்கட்டுப் பக்கம்."

"மைதானத்துல சத்தம் எதிரொலிக்கும். எனக்குக் கத சொல்லாத."

ஸ்டாங் பிடித்த பிடியை விடுவதாக இல்லை. மனிதருக்கு எழுபது வயது, வெளியே பனி, அறையிலும் குளிர்தான். ஆனாலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க. விசில் தவறிப்போறது பெரிய பாவம் இல்ல. ஊதினவங்க ஒரு வருஷம் வீட்ல இருக்கட்டும். மிச்ச நாலு பேரும் இறுதிப் போட்டிக்குப் போங்க. பேரு இல்லன்னா அஞ்சு பேருக்கும் கிடையாது."

 லோரீன் எழுந்தாள். மைதானத்தின் எல்லைக் கோட்டோரத்தில் நிற்கும் நடுவர். மற்ற நாட்களில் தபால் வண்டி ஓட்டுகிறவள்.

"என் பேர எழுதிக்கோங்க."

ஸ்டாங்கின் பேனா அதற்குள் காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"நீ ஊதினியா?" என்றார் டுவெய்ன்.

"அத விடு."

"லோரீன், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"ஊதல. போதுமா? நீ ஒரு தடவையாவது அந்தப் போட்டிக்குப் போயிட்டு வா டுவெய்ன். உன் புலம்பலக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு."

 டுவெய்னுக்கு ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"எழுதாதீங்க சார். இவ பேரு வந்தா அந்தப் பையன் எடுத்தது திருட்டு டச் டவுன்னு ஆயிடும். ஆயுசுக்கும் ஊரு அவனக் குத்திக் காட்டும். எங்கள்ல யாரும் ஊதலன்னே எழுதுங்க. இறுதிப் போட்டி எங்களுக்கு வேணாம்."

"அவ்ளோ நிச்சயமா உனக்கு?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன். நம்பறேன். இவங்கள நம்பாம என்னால மைதானத்துல கால வைக்க முடியாது."

ஸ்டாங் ஒருவர் மாற்றி ஒருவராக ஐந்து முகங்களையும் பார்த்தார். எதிலும் தளர்ச்சி தெரியவில்லை. பேனாவை மூடினார். கதவைவிட்டு நகர்ந்து வந்து, டுவெய்னுக்குப் பக்கத்தில் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷம் நடுவரா விசில் ஊதின வாய்," என்றார், தரையைப் பார்த்தபடி. "அவன் முட்டி தரையில பட்டுடுச்சுன்னு நெனச்சேன், கோட்டுப் பையிலேருந்த விசில் எப்ப வாய்க்கு வந்துச்சுன்னே தெரியல. உங்கள்ல யாராவது ஒருத்தர் 'நான்தான்'னு சொல்லிட்டா, நான் பேசாம வீட்டுக்குப் போயிடலாம்னு பாத்தேன்."