பக்கத்து அறைச் சிரிப்பு

"ஒரு வருஷமாகப் போகுது, அவர் என்கிட்ட வாயைத் திறந்து பேசி," என்றாள் டோர்குன், வாஃபிளில் ஜாமைத் தாராளமாகத் தடவிக்கொண்டே.

அன்றுதான் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஸிக்னே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். "அப்படி என்ன சண்டை உங்களுக்குள்ள?"

"சண்டையா? சண்டை போட்டாலும் நாலு வார்த்தை கிடைக்குமே! பக்கவாதம் வந்து நாக்கை இழுத்துக்கிச்சு. கை கால் தேறிடுச்சு. பேச்சுதான் போனது போனதுதான்."

வெளியே பெர்கன் நகரத்து மழை வழக்கம்போல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் தேவாலயத்துக் கூடத்தில், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடுவார்கள். காபி, வாஃபிள், புலம்பல் மூன்றுக்கும் அங்கே தட்டுப்பாடு கிடையாது. அதே நேரத்தில் பக்கத்து அறையில், பேச்சிழந்தவர்களுக்கு மாரித் என்ற இளம்பெண் பேச்சுப் பயிற்சி கொடுப்பாள். கணவர் ஹல்வாரை அங்கே உட்காரவைத்துவிட்டுத்தான் டோர்குன் இங்கே வருவாள்.

"பேசாதது ஒரு குறையா?" என்றார் எதிரில் இருந்த ஐனார். "என் வீட்டம்மாவுக்குக் கை நடுங்குதே ஒழிய வாய் நடுங்கல. உருளைக்கிழங்கைக் குழைய விட்டுட்டேன்னு நேத்து பூரா அர்ச்சனை. பேசாம மாத்திக்கலாம். அவளை நீங்க கூட்டிட்டுப் போங்க, ஹல்வாரை நான் கூட்டிட்டுப் போறேன்."

"நானும் உங்க வீட்டம்மாவும் ஒரே வீட்டுலயா? கூரை பிய்ச்சுக்கிட்டுப் போயிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். டோர்குனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"நான் மீன் சந்தையில கூவிக் கூவி வித்தவ. இந்த வாய்க்கு ஆள் வேணும், ஐனார். இப்போ ரெண்டு பேர் பேச்சையும் நானே பேசுறேன். 'இன்னிக்கு மீன் சூப் வைக்கட்டுமா?'ன்னு கேக்குறதும் நான். 'நேத்துதானே வெச்சே'ன்னு பதில் சொல்றதும் நான். போன வாரம் எனக்கும் எனக்கும் பெரிய சண்டையே வந்துடுச்சு. கேவலம், அதுலயும் நான்தான் தோத்தேன்!"

ஐனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஸிக்னே மட்டும் விடவில்லை. "பயிற்சியில ஒண்ணும் தேறலையா?"

"எங்கே! இப்பக்கூட வாசல்ல மாரித் அவரைப் பார்த்து, 'எப்படி இருக்கீங்க?'ன்னு கேட்டா. வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்னார். பார்க்கச் சகிக்கல எனக்கு. 'நல்லா தூங்கினார், கஞ்சி குடிச்சார், முழங்கால்தான் வலிக்குது'ன்னு நானே சொல்லி முடிச்சேன். பாவம், தலையை ஆட்டிட்டு உள்ளே போயிட்டார்."

"உங்களுக்குத்தான் பாவம்," என்றாள் ஸிக்னே.

டோர்குன் பதிலுக்கு ஒரு வேடிக்கை சொல்லத்தான் பார்த்தாள். வாயில் வந்தது வேறு.

"ஒரே ஒரு தடவை அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். திட்டுறதுக்குக் கூப்பிட்டாலும் சரி." மூக்கை உறிஞ்சிக்கொண்டு உடனே சிரித்தாள். "சரி சரி, நான் அழுதா வாஃபிள் நமத்துப் போயிடும்."

அப்போது பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடங்கியது. மறுபடியும் வெடித்தது.

டோர்குனின் முகம் மாறியது. அத்தனை பேரும் சிரிக்க, தன் மனிதர் மட்டும் நடுவில் ஊமையாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். எழுந்தாள். மாட்டியிருந்த அவருடைய மழைக்கோட்டை எடுத்துக்கொண்டாள். இன்றைக்குப் பயிற்சி போதும், வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம்.

அந்த அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கையை வைக்கப் போனவள், உள்ளே ஒரு ஆண்குரல் கேட்டு நின்றாள். கரகரத்த, தடித்த, அவளுக்குப் பழக்கமில்லாத குரல். கனத்த வலையை இழுப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"படகை... கட்டாம... தூங்கிட்டேன். முழிச்சா... பக்கத்து... தீவு."

யாரும் அவசரப்படுத்தவில்லை. அடுத்த சொல் கரையேறும்வரை அறையே காத்திருந்தது.

"அங்க ஒரு... கல்யாணம். மாப்பிள்ளைக்கு... என்னைத் தெரியாது. பொண்ணுக்கும்... தெரியாது. மூணு வேளை... சாப்பிட்டுட்டுத்தான்... வந்தேன்."

உள்ளே சிரிப்பு பீறிட்டது. வெளியே டோர்குனும் கோட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பொறாமை வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, என்ன அழகாகக் கதை சொல்கிறார்! இவரைக் கட்டிக்கொண்டவள் கொடுத்து வைத்தவள். இதையெல்லாம் வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டிருப்பாள், மகராசி.

பெருமூச்சு விட்டுக் கதவைத் தள்ளப் போனாள். அதற்குள் மாரித்தின் குரல் வந்தது.

"பிரமாதம், ஹல்வார்! இவ்வளவு நல்லா பேசுறீங்களே, வீட்டுல மட்டும் ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

டோர்குனின் கை கதவிலேயே நின்றுவிட்டது. உள்ளே நெடுநேரம் சத்தமே இல்லை. அந்த இடைவெளியில் அவருக்காக ஒரு பதிலை எடுத்துக்கொடுக்க அவள் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"அவ கொஞ்சம்... மூச்சு விடட்டும்னுதான்... காத்துக்கிட்டு... இருக்கேன்."