ஏழு இன்ச் கல்யாணம்

"அஞ்சு இன்ச் வேணாம், ஹில்மி நானா. அதுல மொகம் தெரியும், தாலி முடிச்சு தெரியாது. ஏழு இன்ச்சே காட்டுங்க" என்றாள் சஞ்சீவனி.

கண்டி டவுனில் கெமராக் கடை வைத்திருக்கும் ஹில்மி சிரித்தார். "ஊரார்ட கலியாணத்த எல்லாம் வீடியோ எடுக்கிறீங்க. கெமராவுக்கு மேல மாட்டுற மொனிட்டர் ஒண்டு வாங்க இவ்ளோ நாளா வரல்ல. ஒங்கட கலியாணத்துக்கு ரெண்டு நாள் ஈக்கக்குள்ள ஓடி வந்தீக்கிறீங்க!"

"என் கல்யாணத்த எங்கூட வேல செய்யுற தர்ஷிகா எடுக்கிறா. கெமராவுலருந்து நீளமா வயர் இழுத்து, பொண்ணு ரூம்ல இத வைக்கப்போறோம். அதுக்கப்புறம் நம்ம தொழிலுக்கு ஆகும்தானே."

பக்கத்தில் நின்ற அம்மா பரிமளம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வயர் ஏன் அறைவரைக்கும் போகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

புருஷன் போய் ஏழு வருஷம். போன மாதம் அவருடைய அக்கா அன்னலட்சுமி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "தாலி கட்டுற நேரத்துல பரிமளம் மேடையில நின்னா, அத நான் நேர்ல பாக்க மாட்டேன். தாலியறுத்தவ நிக்கிற எடமா அது?" மாப்பிள்ளை யுகேஷ் வீட்டார் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. பேசுவதெல்லாம் சொந்த இரத்தம்தான். சொந்தக்காரர் வாய்க்குப் பூட்டு எந்தக் கடையில் விற்கிறார்கள்?

"விடு புள்ள, நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சண்டை? நான் ரூம்ல இருந்துக்கிறேன்" என்றாள் பரிமளம். மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிம்மா, ஒரு மொனிட்டர் வாங்குவோம்" என்றாள்.

பெற்ற மனசு கேட்கிறதா? மகள் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு கண்ணாடித் துண்டிலாவது பார்த்துவிட வேண்டும். பரிமளத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஹில்மி கெமராவைத் தெருப்பக்கம் திருப்பிவைத்து, வயரைச் செருகினார். சின்னத் திரையில் தெரு முளைத்தது. மழை விட்ட வெயில். ஹந்தானை மலையிலிருந்து இறங்கிய பனி கூரைகளுக்கு மேல் தங்கி நின்றது. குடை பிடித்த ஒருத்தி சத்தமில்லாமல் நடந்து போனாள். வாசலில் பார்த்தால் இரைச்சலும் புகையுமான அதே தெருதான். திரைக்குள் மட்டும் அது வேறு ஏதோ ஊர் மாதிரி இருந்தது.

பரிமளம் அந்த ஊருக்குள் போய்விட்டாள். அங்கே பனிக்குள் ஒரு மணவறை. வாழை மரம் அசைகிறது. மகள் கூறைச் சேலையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பா வெள்ளை வேட்டியில் ஓடியாடிப் பந்தி விசாரிக்கிறார். "பரிமளம், எங்க நிக்கிற? வா!" என்று அவர் கூப்பிடுவதுபோல் வாய் அசைகிறது. குரல் மட்டும் வரவில்லை.

"இதுல சத்தம் கேக்குமா தம்பி?" என்றாள் திடீரென்று.

"கேக்கும் அன்ரி. இயர்போன் குத்துற ஓட்டையும் ஈக்கி."

சஞ்சீவனி விடவில்லை. விலை குறைந்த ஒன்றைத் தன் சிவப்புத் துப்பட்டாவுக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தள்ளிவைத்தாள். "செவப்பு செங்கல் கலர்ல தெரியுது. வேணாம்." அடுத்ததைப் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். எட்ட நின்று பார்த்தாள். "வயசானவங்க கண்ணுக்கும் தெளிவாத் தெரியணும் நானா."

பரிமளத்துக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தொன்று ஒரு வயதா? ஆனாலும் மகளுடைய அக்கறையை நினைத்து நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

கடைசியில் நடுத்தர விலையில் ஒன்று அமைந்தது. "கெமராப் பெட்டரியே இதுக்கும் சரி. வயர் என்ட கலியாணப் பரிசு" என்றார் ஹில்மி.

முகூர்த்த நாள். மண்டபத்துப் பொண்ணு அறையில், மேசைமேல் மொனிட்டர் மினுங்கியது. அதற்கு முன்னால் மெத்தை போட்ட கதிரை. தர்ஷிகா வயரை இழுத்துச் சரிபார்த்துவிட்டுப் போனாள். பரிமளம் மெல்ல உட்கார்ந்து இயர்போனைக் காதில் வைத்தாள். எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் நாதஸ்வரம். திரைக்குள் ஓமப்புகை பனி மாதிரி எழுந்தது. யுகேஷ் வந்து உட்கார்ந்தான். இது போதும், இதற்குமேல் ஆசைப்பட்டால் பேராசை என்று அவள் தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். கண் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் நிறைந்தது.

கதவைத் திறந்துகொண்டு அன்னலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஒக்காந்துட்டியா? நல்லது. முடியுற வரைக்கும் வெளிய தலையக் காட்டாத. ஐயரு பொண்ணக் கூப்புடுறாரு."

அறையின் மறுபக்கம் மாலையோடு காத்திருந்த சஞ்சீவனி எழுந்து நேரே வந்து, அம்மாவின் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள். காலியான கதிரையைத் திருப்பிப் போட்டாள்.

"ஒக்காருங்க அத்தை. அம்மா என் பக்கத்துல நிக்கிறத நேர்ல பாக்க ஒங்களால முடியாதுன்னீங்களே, அதான் ஒங்களுக்குன்னு பாத்துப் பாத்து இத வாங்கினேன்" என்றவள், அம்மாவை அழைத்துக்கொண்டு மணவறைக்கு நடந்தாள்.